செலவு ஓரிடம், வரவு ஓரிடம்

உற்பத்தித் திறனை எப்படி அளப்பது என்று மைக்கேல் ஃபாரெல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே வேலையைச் செய்கிற பலரை எடுத்துக்கொள்வது, அவர்களில் குறைந்த செலவில் அதிகம் விளைவிப்பவர்களைப் புள்ளிகளாக வைத்து ஓர் எல்லைக்கோடு வரைவது, மற்றவர்கள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு பின்தங்கி நிற்கிறார்கள் என்று கணக்கிடுவது. இவ்வளவுதான் அவருடைய யோசனை. அதற்கு அவர் காட்டிய உதாரணமே அமெரிக்க மாநிலங்களின் வேளாண்மை. ஆக, வட்டாரங்களை வரிசையில் நிறுத்திப் பார்க்கும் ஆசை இந்த முறையோடு கூடவே பிறந்தது. அதே 1957இல் மதுரைக்குத் தெற்கே திருப்பரங்குன்றத்தில் ஆலை அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார் ஒரு பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இன்று ஒரு வட்டாரத்தின் கல்லூரிகளையும் தொழிற்சாலைகளையும் சேர்த்துப் பார்த்து, 'புத்தாக்கத்தில் இந்த வட்டாரம் எவ்வளவு திறனோடு இருக்கிறது' என்று கேட்பவர்கள் ஃபாரெலின் கோட்டைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். மதுரையின் நூற்றாண்டுக்கும் மேலான தொழில் வரலாற்றை அந்தக் கோட்டின் அருகில் வைத்துப் பார்த்தால் அளவுகோலில் ஒரு பிழை தென்படும். அது எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற பிழை என்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அளவுகோலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். 1978இல் ஆபிரகாம் சார்ன்ஸ், வில்லியம் கூப்பர், எட்வர்டோ ரோட்ஸ் மூவரும் ஃபாரெலின் யோசனையைக் கணித முறையாக வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவில் வறிய பிள்ளைகளுக்கான பள்ளித் திட்டம் ஒன்று பலன் தந்ததா என்று மதிப்பிடப் போன வேலையிலிருந்து அது முளைத்தது. பள்ளியின் விளைவுக்குச் சந்தை விலை கிடையாது, பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கும் தன்னம்பிக்கைக்கும் ரூபாய் மதிப்புப் போட முடியாது என்பதால், எதற்கு எவ்வளவு எடை என்பதை ஒவ்வொரு பள்ளியும் தனக்குச் சாதகமாகவே தேர்ந்துகொள்ளட்டும், அப்படியும் யார் பின்தங்குகிறார்கள் என்று பார்ப்போம் என்றார்கள். பெருந்தன்மையான ஏற்பாடு. பிற்பாடு இது மருத்துவமனை, வங்கி, மின்வாரியம் என்று பரவி, சீன மாகாணங்களின் புத்தாக்கத் திறனை அளக்கும் ஆய்வுகளில் கொடிகட்டிப் பறந்தது. ஆராய்ச்சிச் செலவும் ஆய்வாளர் எண்ணிக்கையும் ஒரு பக்கம், ஆய்வுக் கட்டுரைகளும் காப்புரிமைகளும் புதிய பொருள்களின் விற்பனையும் மறுபக்கம். இந்தியாவில் நிதி ஆயோக் 2019 அக்டோபரில் முதல் புத்தாக்கக் குறியீட்டை வெளியிட்டபோதும் இடுவது ஒரு தூண், விளைவது ஒரு தூண் என்றுதான் பிரித்தது. பெரிய மாநிலங்களில் கர்நாடகம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம். அடுத்து வந்த இரண்டு பதிப்புகளிலும் கர்நாடகமே முதலில் நின்றது. இந்த வரிசைகளில் மதுரை என்ற ஊர் தனியாகத் தெரியாது, மாநிலத்தின் எண்ணுக்குள் கரைந்திருக்கும். அதைத் தனியே பிரித்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை தேட, கல்லூரிகளே இல்லாத காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நெசவிலிருந்து தொடங்கலாம். நகரின் தெற்கு ஓரத்தில் அவனியாபுரம் போகிற வழியில் இருக்கும் வில்லாபுரம், திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களைப் போலவே, நெசவுக் குடும்பங்களின் வாழ்க்கையோடு பிணைந்தது. மதுரை நெசவின் பெருமை துணியில் பாதி, சாயத்தில் பாதி. பட்டுநூல்காரர் என்று அரசு ஏடுகள் குறிப்பிட்ட சௌராஷ்டிரர்கள் நூலை எண்ணெயிலும் சாம்பல் காரத்திலும் மாறி மாறி ஊறவைத்துக் காயவைத்து, படிகாரம் ஏற்றி, சாயவேரில் வேகவைத்துச் சிவப்பு எடுத்தார்கள். பல நாள் பிடிக்கும் வேலை. 1869இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அலிசரின் என்ற சிவப்பைக் கரியெண்ணெயிலிருந்து செயற்கையாகத் தயாரித்துக் காப்புரிமை கேட்டார்கள். இலண்டனில் அவர்களுக்கு ஒரு நாள் பிந்தி வில்லியம் பெர்கினும் விண்ணப்பித்தார். ஐரோப்பாவில் மஞ்சிட்டி பயிரிட்டவர்கள் பிழைப்பை இழந்தார்கள், இங்கே சாயவேர் தோண்டியவர்களும் இழந்தார்கள். ஆனால் மதுரைச் சாயக்காரர்கள் அழிந்துபோகவில்லை. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருளும் அலிசரின்தான். எண்ணெய், காரம், படிகாரம் என்ற தங்கள் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, வேருக்குப் பதில் ஜெர்மன் டப்பாவைத் திறந்தால் போதுமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மதுரைச் சிவப்பு அந்தப் புதிய சாயத்தில்தான் வாழ்ந்தது. 1914இல் போர் மூண்டு ஜெர்மன் சரக்கு நின்றபோது சாயப்பட்டறைகள் பட்ட பாட்டிலிருந்தே, அந்த மாற்றம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த நிகழ்வைக் குறியீட்டில் எங்கே எழுதுவது? காப்புரிமை ஜெர்மனிக்கு. ஆராய்ச்சிச் செலவும் ஜெர்மனிக்கு. மதுரையின் கட்டத்தில் இரு பக்கமும் பூஜ்யம். ஆனால் ஒரு புதிய வேதிப்பொருள் வந்திறங்கியதும் அதைத் தன் தண்ணீருக்கும் வெயிலுக்கும் நூலுக்கும் ஏற்பப் பழக்கிக்கொள்ளத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் ஓர் ஊரில் இருந்தது சாதாரண விஷயமில்லை. வெளியே பிறந்த அறிவை உள்வாங்கும் ஆற்றல் என்று மேலாண்மை ஆய்வாளர்கள் 1990களிலிருந்து பெரிதாகப் பேசுவது இதைத்தான். அந்த ஆற்றலும் தலைமுறை தலைமுறையாகச் செலவழித்துச் சேர்த்ததுதான், ஆனால் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஆராய்ச்சி என்ற தலைப்பின்கீழ் அது வந்ததில்லை.

அடுத்து ஆலை. ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவியின் விசையில் 1885இல் நூற்பாலை நடத்தத் தொடங்கி, பிறகு தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் வந்தார்கள். மதுரை ஆலை 1892இல் ஓடத் தொடங்கியது. அதன் தொழிலாளர் குடியிருப்பு ஹார்விபட்டி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 1974இல் அந்த நிறுவனம் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. 1988இல் அது ஆயத்த ஆடைப் பிரிவொன்றைத் தொடங்கி லூயி ஃபிலிப், ஆலன் சோலி என்ற பெயர்களில் இந்திய நடுத்தர வர்க்கத்தின் அலுவலக உடையையே மாற்றியது. 1999இல் அந்தப் பிரிவை ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கிக்கொண்டது. அதன் பிறகும் அதன் பெயரில் 'மதுரா' நீடித்தது. தலைமையகம் பெங்களூரு. அங்கே புதிய துணிவகைக்கோ தையல் முறைக்கோ ஒரு பதிவு நடந்தால் அது கர்நாடகத்தின் புத்தாக்கக் கணக்கில் ஏறும். பெங்களூருக்காரர்கள் எதையும் பறித்துக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்கள் உழைப்பு அவர்களுடையது. நூலும் தொழிலாளியும் பெயரும் ஓரிடத்தில் விளைந்து, கணக்கு வேறிடத்தில் எழுதப்படும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைப்பது அரிது.

டி.வி.எஸ். கதையும் இதே தடத்தில் போகிறது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் மதுரையில் பேருந்து ஓட்டியது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் வண்டி ஓட்டும் உலைகளைத் தயாரித்தது, தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் தொழிலையும் வளர்த்தது. சாலையில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டார் என்பதை மதுரைக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பு இருக்கட்டும். டயர் பஞ்சரானால் பேருந்து நிற்கும், நின்றால் கால அட்டவணை குலையும், குலைந்தால் பயணி மாட்டுவண்டிக்குத் திரும்பிவிடுவார் என்று யோசித்த ஒருவரின் பொறியியல் அது. 1960களில் இந்தக் குழுமம் உதிரிபாகத் தொழிற்சாலைகள் கட்டியபோது அவை பெரும்பாலும் சென்னை பாடியில் எழுந்தன. மொபெட் 1980இல் ஓசூரில் பிறந்தது. மதுரையில் ரப்பர் தொழிலும், 1982இல் தொடங்கிய டயர் நிறுவனமும் தங்கின. வாகனம் கட்டும் ஊர்களுக்குப் பக்கத்தில் உதிரிபாகம் செய்வதும், துறைமுகத்தை ஒட்டி ஆலை வைப்பதும் நியாயமான முடிவுகள். ஆனால் அரை நூற்றாண்டு மதுரைச் சாலைகளில் கற்ற பாடம் பாடியின் மூலதனமாயிற்று, அந்த மூலதனத்துக்கு வட்டி மதுரைக்கு வரவில்லை. கோயம்புத்தூரை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம், 1930களில் பைகாரா மின்சாரம், 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மின்மோட்டார், 1951இல் பொறியியல் கல்லூரி, 1956இல் நூற்பாலைகள் சேர்ந்து அமைத்த சிட்ரா ஆராய்ச்சிக் கழகம் என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றது. கிணற்றுப் பம்பு செய்தவர்களின் பதிவு அலுவலகமும் அதே ஊரில் இருந்தது. கோவையின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குறியீட்டில் கோவை பெறும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு, முதலாளிகள் ஊரைவிட்டுப் போகாததற்குக் கிடைத்த மதிப்பெண்.

இங்கே ஒரு மறுப்பு எழும். முகவரிக் கோளாறு எல்லா ஊருக்கும் பொதுவானதுதானே, எல்லாரையும் ஒரே மாதிரி பாதித்தால் வரிசை மாறாதே என்று கேட்கலாம். பாதிப்பு ஒரே மாதிரி இல்லை என்பதுதான் விடை. காப்புரிமை விண்ணப்பத்தில் முன்னே நிற்பது விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் முகவரி. பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் நாட்டில் ஏழெட்டு நகரங்களில் குவிந்திருக்கின்றன. ஆகவே பிழை இரண்டாம் நிலை நகரங்களிலிருந்து எடுத்துத் தலைநகரங்களுக்குச் சேர்க்கும் திசையில் மட்டுமே ஓடுகிறது. திருச்சிக்கும் சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் இதே கதைதான். சரி, கண்டுபிடித்தவரின் முகவரியை எடுத்துக்கொள்ளலாமே என்றால், எடுத்துக்கொள்ளலாம், கவனமுள்ள ஆய்வாளர்கள் அப்படிச் செய்யவும் செய்கிறார்கள். அதனால் பிழை குறையும். ஆனால் காப்புரிமையே கேட்காத சாயக்காரரையும் பணிமனை மெக்கானிக்கையும் அந்தத் திருத்தம் எட்டாது. வட்டாரம் என்ற சொல்லே வேறு நழுவுகிறது. பழைய மதுரை மாவட்டத்திலிருந்து 1985இல் திண்டுக்கல் பிரிந்தது, 1990களில் தேனி பிரிந்தது. பல பத்தாண்டுகளின் புள்ளிவிவரத்தை வரிசையாக அடுக்கினால், அதில் உள்ள 'மதுரை' ஒரே மதுரையாக இருக்காது.

இனி அளவுகோலின் இன்னொரு கோணல். இதற்கு மதுரையில் கிடைக்கும் சான்று உலகப் பிரசித்தம். கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தவர். கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தியவர். 1976இல் ஓய்வுபெற்று 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓர் அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து, மருத்துவர் திரும்பி உட்கார்ந்ததும் வேலை தொடரும்படி ஏற்பாடு செய்தது அங்கே பக்குவப்பட்ட முறை. அதைக் காப்புரிமையாகப் பதிய முடியாது, 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமாக எழுதி வைத்தது. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் 1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி செய்து காட்டியது. நாற்பது ஆண்டு கழித்தும் அது இந்திய ஏழையின் கண்ணுக்கு எட்டவில்லை, இறக்குமதி விலை 100 டாலரைத் தாண்டியது. அமெரிக்கரான டேவிட் கிரீன் போன்றோரின் உதவியோடு தொழில்நுட்பத்தை வாங்கி, 1992இல் ஆரோலேப் என்ற ஆலையை மதுரையிலேயே அமைத்தார்கள். 10 டாலர் அளவுக்கு விலையை இறக்கினார்கள், பிறகு அதற்கும் கீழே போனது. இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது.

இதைக் குறியீட்டில் போட்டுப் பாருங்கள். புதிய பொருளின் விற்பனை வருவாய்தான் தொழில்துறையின் விளைவு என்று பெரும்பாலான ஆய்வுகள் எடுத்துக்கொள்கின்றன. விலையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தவர், அதே மதிப்பெண் வாங்கப் பத்து மடங்கு விற்க வேண்டும். ஐந்து மடங்கு விற்று ஐந்து மடங்கு பேருக்குப் பார்வை கொடுத்திருந்தால், கணக்குப்படி அவருடைய விளைவு பாதியாகிவிட்டது. விலையைக் குறைப்பதையே புத்தாக்கமாகக் கொண்ட ஓர் ஊருக்கு இதைவிடப் பொருந்தாத அளவுகோலைத் தேடினாலும் கிடைக்காது. செலவுப் பக்கமும் கோணலாகத்தான் இருக்கிறது. அரவிந்தின் அறிவு அரசு மருத்துவக் கல்லூரியின் சம்பளத்தில், அரசு மருத்துவமனையின் வார்டில் முளைத்தது. அந்த இருபது ஆண்டுச் செலவு அரசுக் கணக்கில் வெறும் மருத்துவச் செலவாகப் பதிவாகி மறைந்துவிட்டது. கல்லூரியில் அறிவு பிறந்து ஆலைக்குப் போகிறது என்ற ஒற்றைக் கறுப்புப்பெட்டியைத் திறந்து, கட்டம் ஒன்று ஆராய்ச்சி, கட்டம் இரண்டு வணிகம் என்று பிரித்து அளக்கும் புதிய கணித முறைகள் வந்திருக்கின்றன, அவை முன்னேற்றம்தான். ஆனால் அவையும் ஆற்றை ஒரே திசையில் ஓடவிடுகின்றன. அரவிந்தில் நோயாளி முதலில் வந்தார், மருத்துவமனை அடுத்து வந்தது, ஆலை அதற்கடுத்து, ஆராய்ச்சி நிலையமும் அதன் தேவைகளை ஒட்டியே வளர்ந்தது. சாயப்பட்டறையிலும் இதே வரிசைதான். மதுரையில் புத்தாக்கம் பெரும்பாலும் வாலிலிருந்து தலைக்குப் போயிருக்கிறது.

காலத்தைப் பற்றிச் சொல்லத் தியாகராசர் பொறியியல் கல்லூரிக்கே திரும்ப வேண்டும். அங்கே வேதியியல் பேராசிரியரான ஆர். வாசுதேவன், தூக்கி எறிந்த நெகிழிப்பையைத் துண்டுதுண்டாக்கி, சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லியின் மேல் தூவினால் அது உருகி ஒரு மெல்லிய பூச்சாகப் படியும் என்றும், அந்த ஜல்லியில் தார் நன்றாகப் பற்றும் என்றும் காட்டினார். ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழிச் சாலைக்குச் சுமார் 10 டன் தார் வேண்டுமென்றால், அதில் ஒரு டன்னுக்குக் குப்பை நெகிழியே ஈடுகொடுக்கும். 2002இல் கல்லூரி வளாகத்தில் முதல் சாலை. 2006இல் காப்புரிமை. 2013இல் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறி. 2015 நவம்பரில் நகரங்களை ஒட்டிய நெடுஞ்சாலைப் பணிகளில் நெகிழிக் கழிவைப் பயன்படுத்த மத்திய அரசின் உத்தரவு. 2018இல் பத்மஸ்ரீ. திறன் ஆய்வுகள் இட்டதற்கும் விளைந்ததற்கும் இடையே ஓராண்டோ இரண்டாண்டோ இடைவெளி விட்டுக் கணக்கிடுவது வழக்கம். இங்கே வளாகச் சாலையிலிருந்து தேசிய உத்தரவுக்குப் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. கல்லூரி அந்தத் தொழில்நுட்பத்தை அரசுகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுத்ததால் உரிமத்தொகை என்ற வரியிலும் ஒன்றும் ஏறாது. மிஞ்சுவது 2006ஆம் ஆண்டுக்கு எதிரே '1' என்ற ஓர் எண். அந்த ஒன்றும், எவரும் பயன்படுத்தாமல் கோப்பில் கிடக்கிற இன்னொரு காப்புரிமையும் கூட்டலில் சமம். இந்தச் சாலைகள் தேயும்போது நுண்நெகிழி மண்ணில் கலக்குமா என்ற கவலை நியாயமானது, அதைச் சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனையின் முடிவு நல்லதானாலும் கெட்டதானாலும் '1' மாறப்போவதில்லை, அதுதான் விசித்திரம்.

நல்ல உதாரணங்களைப் பொறுக்கி எடுத்து ஊர்ப்பெருமை பேசுவதாகக் குற்றம் சாட்டலாம். குற்றச்சாட்டில் பாதி உண்மை. பொறியியல் படித்து வெளிவரும் பிள்ளைகள் பாண்டியன் எக்ஸ்பிரஸிலும் பெங்களூரு ரயிலிலும் ஊரைவிட்டுப் போகிறார்கள். நாகமலைப் புதுக்கோட்டையில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கப்பலூர் தொழிற்பேட்டைக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் இருக்கும் தூரம் குறைவு, பழக்கத்தில் இருக்கும் தூரம் அதிகம். இந்தப் பலவீனத்தைக் குறியீடு சரியாகவே மோப்பம் பிடிக்கும். என் சிக்கல் வேறு. ஒரு வட்டாரத்தில் ஒன்றும் விளையவில்லை என்பதும், விளைந்தது வேறிடத்தில் வரவு வைக்கப்படுகிறது என்பதும் இரண்டு தனித்தனி நோய்கள். குறியீடு இரண்டுக்கும் ஒரே காய்ச்சல் அளவைக் காட்டுகிறது. முதல் நோய்க்கு மருந்து ஆய்வகமும் ஆய்வாளரும். இரண்டாவதுக்கு மருந்து, விளைந்ததின் பலனில் ஒரு பங்கை விளைந்த ஊரில் தங்கவைக்கும் ஏற்பாடு. மாற்றிக் கொடுத்தால், புதிதாகக் கட்டிய ஆய்வகத்தில் பயின்றவர் அடுத்த ரயிலில் ஏறுவார். மதுரைக்கு இரண்டு நோயும் உண்டு. எது எவ்வளவு என்று தெரியாமல் கொள்கை வகுக்க முடியாது.

பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசும்போது இன்னும் மோசமான ஒரு விபரீதம் கண்ணில் படுகிறது. 1966இல் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு தொடங்கி, 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற பல்கலைக்கழகம், உயிரியலிலும் உயிர்தொழில்நுட்பத்திலும் நாட்டில் முன்னோடியாக எண்ணப்பட்டது. எம்.கே. சந்திரசேகரன் இங்கே வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தார், 1980களில் உயிர்தொழில்நுட்பத்தில் பட்டமேற்படிப்பு வந்தது. அண்மை ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் மாதச் சம்பளம் தரவே திணறியது எல்லாரும் அறிந்த செய்தி. திறன் என்பது விளைவை இட்டதால் வகுப்பது. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விட்டு, ஆய்வக நிதியை வெட்டினால் கீழே உள்ள எண் உடனே சுருங்கும். பழைய ஆண்டுகளின் ஆராய்ச்சியிலிருந்து கட்டுரைகள் இன்னும் சில ஆண்டுகளுக்கு வந்துகொண்டிருக்கும் என்பதால் மேலே உள்ள எண் உடனே சுருங்காது. ஆக, பட்டினி போட்ட முதல் சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் எல்லைக்கோட்டை நோக்கி நகர்வதாகக் கணக்குக் காட்டும். பிறகு விளைவும் சரியும், ஆனால் அதற்குள் 'குறைந்த செலவில் நிறைய' என்ற பாராட்டோடு அடுத்த வெட்டும் விழுந்திருக்கும். நாடே மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்குச் செலவிடுகையில், செலவு குறைவதை நல்ல செய்தியாகக் காட்டக்கூடிய ஓர் அளவுகோலை நிதித்துறைகளிடம் கொடுப்பது புத்திசாலித்தனமில்லை.

அளக்கவே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அளவு இல்லாத இடத்தில் சிபாரிசு வந்து உட்காரும் என்பது நம் அனுபவம். வேறு மாதிரி அளந்தவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். அனில் குப்தா தொடங்கிய ஹனி பீ வலையமைப்பின் தமிழ்க் கிளையாக மதுரையின் சேவா நிறுவனம் 'நம் வழி வேளாண்மை' என்ற இதழை நடத்தி, உழவரும் மாடு வளர்ப்பவரும் கண்டுபிடித்த உத்திகளைப் பதிவு செய்தது. யார் செய்தார், எந்த ஊரில் என்று பெயரோடு எழுதிவைப்பது அந்தப் பதிவின் ஒழுங்கு. சதவீதம் கிடையாது, எல்லைக்கோடு கிடையாது. ஆனால் முகவரி தொலையவில்லை. பெரிய அளவில் இதைச் செய்ய முடியாது என்பார்கள். வேண்டிய தரவு ஏற்கெனவே சிதறிக் கிடக்கிறது. எந்தத் தெருவில் எந்த ஆண்டு நெகிழிச் சாலை போட்டார்கள், எப்போது மறுபடி தோண்டினார்கள் என்பது மாநகராட்சியின் பணிப் பதிவில் இருக்கும். எந்த விலையில் எத்தனை லென்ஸ் போனது என்பது ஆலையின் விற்பனை ஏட்டில் இருக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை எண்ணும் எந்த அளவீட்டிலும் அது வட்டாரத்துக்கு ஒரு வரவுப்புள்ளி. நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கும் பெண்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போனது. மெழுகு அச்சும் திரை அச்சும் அந்தப் புள்ளிகளை மலிவாகப் போட்டுத் தருகின்றன. மலிவுக்கு ஆதரவாக மேலே வாதாடிய பிறகு இங்கே மலிவைக் குறை சொல்வது முரணாகத் தோன்றலாம். லென்ஸின் விலை குறைந்தபோது அதைச் செய்யும் திறமை மதுரைக்குள் வந்து சேர்ந்தது. சுங்குடியின் விலை குறைந்தபோது முடிச்சுப் போடும் திறமை மதுரையைவிட்டுக் கழன்றது. தமிழ்நாடு அரசின் புத்தொழில் இயக்கம் மதுரையில் வட்டார மையம் வைத்திருக்கிறது, வேளாண்மைக் கல்லூரியில் தொழில் வளர்ப்பகம் இயங்குகிறது. அவற்றின் ஆண்டறிக்கைகளில் பதிவான நிறுவனம், கிடைத்த முதலீடு, பெற்ற காப்புரிமை என்ற பத்திகளோடு இன்னும் இரண்டு பத்திகள் சேர வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் சென்ற ஆண்டைவிட எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், இதிலிருந்து வந்த வருமானம் எந்த ஊரில் வரி கட்டுகிறது.